கேக்க நாதியில்லாத பன்னிரண்டு பேர்

போன செமஸ்டர் லீவுல நாங்க நாலு பேர் ரெண்டு பைக்ல கோயம்புத்தூர்ல இருந்து கூடலூர் போனோம். மேட்டுப்பாளையம், ஊட்டி, பைக்காரா எல்லாம் தாண்டி, ரோடு கீழே இறங்க ஆரம்பிக்கிற பக்கத்துல நடுவட்டம். அங்க வெள்ளைக்காரன் காலத்து ஜெயில் ஒண்ணு இருக்கு. கூட வந்தவன் ஹெல்மெட்டைக் கூட கழட்டாம ரீல்ஸ் எடுத்துட்டான். கேப்ஷன்: "ஓபியம் போரில் பிடிபட்ட சீனக் கைதிகளை அடைத்து வைத்த இடம். நமக்கு டீ சொல்லிக் கொடுத்ததே இவங்கதான்!"

லைக் நல்லா வந்துச்சு. நானும் ஒண்ணு போட்டேன். ஆனா ராத்திரி ரூமுக்கு வந்து படுத்தப்போ கணக்கு உதைச்சுது. முதல் ஓபியம் போர் 1839-ல் ஆரம்பிச்சு 1842-லயே முடிஞ்சு போச்சு. நடுவட்டத்துல சின்கோனா தோட்டம் போட்டு, அதுக்குக் கைதிகளை வேலைக்கு விட்டது 1860-களில். போர் முடிஞ்சு இருபது வருஷம் ஆன பிறகும் போர்க் கைதியை யாரு வெச்சு சோறு போடுவாங்க? டீ கதையும் அப்படியே ஒட்டல. நீலகிரியில சீனத் தேயிலைச் செடியை 1830-களிலேயே சோதனைக்கு நட்டுட்டாங்க.

சரி, ரெண்டாவது ஓபியம் போர்ல (1856-60) பிடிச்சவங்களா இருக்கும்னு நினைச்சுத் தேடினேன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளரா இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி ஏழு தொகுதிகள் எழுதி 1909-ல் வெளியிட்டார். அதுல நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவுல மலைச்சரிவில் ஒரு சின்னச் சீனக் குடியிருப்பைப் பார்த்ததா எழுதியிருக்கார். அந்தச் சீனர்கள் தமிழ்ப் பெண்களோட குடும்பமாகி, காபியும் காய்கறியும் போட்டுப் பிழைச்சுட்டு இருந்தாங்களாம். அவங்க எப்படி இங்க வந்தாங்கன்னும் சொல்றார். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த "ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்" பகுதியில் தண்டனை வாங்கினவங்க. அங்க ஜெயில்ல இடம் பத்தல. அதனால இங்க அனுப்பிட்டாங்க.

அவ்வளவுதான் விஷயம். ஹாஸ்டல்ல ரூம் பத்தலைன்னா பக்கத்து பிளாக்குக்கு மாத்துவாங்களே, அந்த மாதிரி. என்ன, நடுவுல ஒரு கடல். அந்தப் பகுதி 1867 வரைக்கும் கல்கத்தாவில் இருந்த இந்திய அரசாங்கத்தின் கீழ்தான் இருந்தது. அதனால சிங்கப்பூர் கைதியை நீலகிரிக்கு மாத்துறது அவங்களுக்கு ஒரே ஆபீஸுக்குள்ள நடக்கிற ஃபைல் வேலை. நம்ம பக்கத்துக் கைதிகளையும் இதே மாதிரி அங்க அனுப்பினாங்க. சிங்கப்பூர்ல இன்னைக்கும் நிக்குற செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டினது இந்தியக் கைதிகள்தான்.

தர்ஸ்டன் இன்னொரு சம்பவமும் பதிவு பண்ணியிருக்கார். 1868-ல், புயல் மழை அடிச்ச ஒரு ராத்திரி, பன்னிரண்டு சீனக் கைதிகள் ஜெயிலை உடைச்சுட்டு ஓடிட்டாங்க. அதுவரை கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள்ள இருந்த நீலகிரி, தனி நிர்வாகமா பிரிஞ்சதும் அதே வருஷம்தான். ஆயுதத்தோட போலீஸ் மலை முழுக்கத் தேடுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு அவங்க மலபார்ல பிடிபட்டாங்க. அவங்க கையில போலீஸ் ஆயுதங்கள் இருந்துச்சு. தேடப் போன போலீஸ் குழுவில் ஒண்ணைக் காணோம். கடைசியில சிஸ்பாரா மலைப்பாதையில் நாலு போலீஸ்காரங்க உடல் கிடைச்சுது. தலையைத் துண்டிச்சு, வரிசையா படுக்க வெச்சிருந்தாங்க.

இதைப் படிச்சதும் "பாவம் கைதிகள்"னு உருகவும் முடியல, "கொடூரன்கள்"னு மூடி வைக்கவும் முடியல. செத்த நாலு பேரும் யாரோ வீட்டுப் பிள்ளைங்கதான். ஆனா அந்தப் "பன்னிரண்டு"ங்கிற எண்ணிக்கை மட்டும் எனக்கு வேற ஒண்ணை ஞாபகப்படுத்துச்சு. ரெண்டாவது ஓபியம் போர் ஆரம்பிச்சதும் பன்னிரண்டு சீனர்களால்தான்.

1856 அக்டோபர் 8. காண்டன் துறைமுகம், இன்னைக்கு குவாங்சோ. "ஏரோ"ன்னு ஒரு சின்னக் கப்பல். உடம்பு ஐரோப்பிய மாடல், பாய் சீன மாடல். சொந்தக்காரர் ஹாங்காங்ல இருந்த ஒரு சீனர். வேலையாட்களும் சீனர்கள். கேப்டன் மட்டும் பெல்ஃபாஸ்ட்ல இருந்து வந்த தாமஸ் கென்னடி. வயசு 21, என் வயசு. அவன் அங்க பேருக்குத்தான் கேப்டன். ஹாங்காங்ல பதிவு பண்ணி ஆங்கிலேயக் கொடி கட்டிக்கிட்டா சில பாதுகாப்பு கிடைக்கும், அதுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் வேணும். அன்னைக்குக் காலைல கென்னடி வேற ஒரு கப்பல்ல இருந்தான். அந்த நேரம் சீன அதிகாரிகள் ஏரோவில் ஏறி, கடற்கொள்ளை சந்தேகத்துல பன்னிரண்டு வேலையாட்களைப் பிடிச்சுட்டுப் போனாங்க.

சீனத் துறைமுகத்துல, சீனர் ஒருத்தரோட கப்பல்ல, சீனர்களை, சீன அதிகாரி பிடிக்கிறார். இதுல பிரிட்டனுக்கு என்ன வேலை? அங்கதான் ஒப்பந்தம் வருது. 1842-ல் நான்கிங் ஒப்பந்தம் போட்டு ஹாங்காங்கை வாங்கின பிரிட்டன், அடுத்த வருஷம் அதே அக்டோபர் 8-ம் தேதி ஹூமன் துணை ஒப்பந்தத்தையும் போட்டுச்சு. ஆங்கிலேயக் கப்பல்ல ஒரு சீனக் குற்றவாளி ஒளிஞ்சிருந்தா, சீன அதிகாரி நேரா ஏறிப் பிடிக்கக் கூடாது. கான்சலுக்குச் சொல்லி, அவர் மூலமாத்தான் வாங்கணும். காண்டன்ல கான்சலா இருந்த ஹாரி பார்க்ஸ் இதைத்தான் பிடிச்சுக்கிட்டார். "எங்களைக் கேக்காம எப்படிப் பிடிச்ச? எங்க கொடியை எப்படி இறக்கின?" காண்டன் ஆளுநர் யே மிங்சென் தரப்பு, கொடியே பறக்கலைன்னு சொல்லுச்சு.

இதுக்கு நடுவுல ஒரு சின்ன விஷயம் வெளிய வந்துச்சு. ஏரோவோட பதிவு செப்டம்பர் 27-லயே காலாவதி. பதினோரு நாள் முன்னாடி. ஆர்சி புக் முடிஞ்சு போன வண்டியை ஓட்டிட்டு, டிராஃபிக் போலீஸ்கிட்ட "என் வண்டியை எப்படி நிறுத்தலாம்"னு சண்டை போடுற மாதிரி. ஹாங்காங் கவர்னர் ஜான் பவுரிங்குக்கு இது தெரியும். அவரே பார்க்ஸுக்கு எழுதுறார்: அந்தக் கப்பலுக்கு நம்ம பாதுகாப்பு கேக்க உரிமை இல்லை, ஆனா இது சீனர்களுக்குத் தெரியாது. தெரிஞ்சும் மன்னிப்பு கேட்டே ஆகணும்னு நின்னாங்க. யே கடைசியில பன்னிரண்டு பேரையும் திருப்பி அனுப்பினார். மன்னிப்பு மட்டும் கேக்கல. பார்க்ஸ் ஆட்களை வாங்கிக்கவே மறுத்துட்டார். அடுத்த நாளே கோட்டைகள் மேல ஆங்கிலேயக் கடற்படை தாக்க ஆரம்பிச்சுது.

லண்டன்லயே இதை எல்லாரும் ஒத்துக்கல. 1857 மார்ச்சில் மக்களவையில் ரிச்சர்ட் காப்டன் கொண்டுவந்த கண்டனத் தீர்மானம் 263-க்கு 247 ஓட்டில் ஜெயிச்சுது. பிரதமர் பாமர்ஸ்டன் என்ன பண்ணினார்? சபையைக் கலைச்சுத் தேர்தல் வெச்சார், திரும்ப ஜெயிச்சார். போர் தொடர்ந்துச்சு. 1858 ஜனவரியில் யே மிங்சென்னைப் பிடிச்சுக் கப்பல்ல கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தாங்க. அடுத்த வருஷம் அங்கேயே செத்துட்டார். ஓபியம் போர்க் கைதியை இந்தியாவுல தேடுறவங்க கல்கத்தாவுக்குத்தான் போகணும்.

அந்தப் போரோட ஒப்பந்தம் 1858 ஜூனில் தியான்ஜின்ல கையெழுத்தாச்சு. அதோட 50-வது பிரிவு எல்லா இன்ஜினியரிங் ஸ்டூடண்டும் தெரிஞ்சுக்க வேண்டியது. ஒப்பந்தம் ரெண்டு மொழியில இருக்கும். அர்த்தத்துல வித்தியாசம் வந்தா ஆங்கிலத்துல இருக்கிறதுதான் செல்லும். எல்கேஜியில இருந்து இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன் நான். "இங்கிலீஷ் தெரிஞ்சா உலகமே உன் கையில"ன்னு சொல்லித்தான் வளர்த்தாங்க. அந்த வாக்கியத்துக்குப் பின்னாடி பீரங்கி இருந்திருக்குன்னு இதைப் படிச்ச அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

இப்போ ரெண்டு பன்னிரண்டு பேரையும் பக்கத்துல வைங்க. 1856-ல் பிடிபட்ட பன்னிரண்டு பேரை, அவங்க சொந்த நாட்டு அதிகாரி சொந்தத் துறைமுகத்துல பிடிச்சதுக்கு ஒரு பேரரசு கப்பற்படையை அனுப்புது. "எங்க கான்சலைக் கேட்டியா?"ங்குறதுதான் அதோட வாதம். சீனாவுல ஒரு ஆங்கிலேயர் குற்றமே பண்ணினாலும் சீன நீதிமன்றம் அவரைத் தொட முடியாது. அந்த உரிமையை பிரிட்டன் விட்டுக் கொடுத்தது 1943-ல்தான். 1868-ல் மழையில ஓடின பன்னிரண்டு பேர் விஷயத்துல? பிடிச்சது ஆங்கிலேயப் போலீஸ், தண்டனை கொடுத்தது ஆங்கிலேய நீதிமன்றம், கடல் தாண்டி மாத்தினது ஆங்கிலேய ஃபைல். சீனா பக்கத்துல இருந்து கேக்கக் கான்சலே கிடையாது. சிங்கப்பூர்ல சீன அரசு கான்சல் ஒருத்தரை நியமிச்சதே 1877-ல்தான். ஒரே சாம்ராஜ்யம், ஒரே காலகட்டம். ஒரு பக்கம் கான்சலைக் கேக்காதது போருக்குக் காரணம், இன்னொரு பக்கம் கேக்கக் கான்சலே இல்லை.

"டேய், அவங்க கிரிமினல்ஸ்டா. அவங்களுக்கு யாரு வந்து கேக்கணும்?"னு ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனா ஏரோவில் பிடிபட்டவங்க மேலயும் கடற்கொள்ளைப் புகார்தான் இருந்துச்சு. அவங்க நிரபராதின்னு பிரிட்டன் வாதாடல. எங்க வழியா வா, முறைப்படி வான்னுதான் வாதாடுச்சு. நல்ல கொள்கைதான் அது. அதை ஒரு பக்கத்துக்கு மட்டும் வெச்சுக்கிட்டதுதான் அநியாயம்.

பழியை பிரிட்டன் மேல மட்டும் போட்டு முடிக்கவும் முடியாது. நாட்டை விட்டுப் போனவங்களை அன்னைய சீன அரசு தன் ஆட்களாவே நினைக்கல. வெளியே போறதே சட்டப்படி குற்றம்; அந்தத் தடை முறைப்படி நீங்கினது 1893-ல். நம்ம கையும் சுத்தம் இல்லை. முதல் ஓபியம் போர்ல காண்டன்ல இறங்கிச் சண்டை போட்ட படையில் 37-வது மெட்ராஸ் காலாட்படையும் இருந்துச்சு. 1841 மே மாசம் கொட்டுற மழையில துப்பாக்கி மருந்து நனைஞ்சு, சுட முடியாம, கிராமத்து மக்கள் சுத்தி வளைக்க அவங்க தவிச்சது பதிவாகியிருக்கு. மெட்ராஸ் மாகாணத்துச் சிப்பாய் அங்க மழையில நின்னான். சீனக் கைதி இங்க மழையில ஓடினான். ரெண்டு பேரையும் கேட்டுட்டு எந்த ஒப்பந்தமும் போடல.

அதனாலதான் அந்த ரீல்ஸ் கேப்ஷன் எனக்கு உறுத்துது. "போர்க் கைதி"ன்னு சொன்னா ஒரு கெத்து வருது. "டீ சொல்லிக் கொடுத்த குரு"ன்னு சொன்னா ஒரு பாசம் வருது. "ஜெயில்ல இடம் இல்லைன்னு கொண்டு வந்து மலையில வேலை வாங்கின ஆளுங்க"ன்னு சொன்னா ஒண்ணும் வராது, சங்கடம்தான் வரும். தர்ஸ்டன் கூட அவங்க தலையையும் மூக்கையும் அளந்து நூல்ல போட்டார். மூக்கை அளக்க ஆள் வந்தது. எங்க ஊர் ஆள்னு கேக்கத்தான் யாரும் வரல.

நடுவட்டத்துல இருந்து கூடலூர் இறங்குற வழியில ஒரு டீக்கடையில நிறுத்தினோம். கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். பேச்சு கொங்குத் தமிழும் இல்லை, மதுரைத் தமிழும் இல்லை. "எந்த ஊருங்கம்மா?"ன்னு கேட்டேன். "கண்டி தம்பி. சின்னப் புள்ளையா வந்தேன்." சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்துல வந்த குடும்பம். கூடலூர், பந்தலூர் பக்கம் இப்படி நிறைய பேர். 1964 அக்டோபர் 30-ம் தேதி டெல்லியில ரெண்டு பிரதமர்கள் கையெழுத்து போட்டாங்க: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கலாம். அப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் தமிழ்நாடு அரசு ஒரு தேயிலைத் திட்டம் ஆரம்பிச்சுது. இன்னைக்கு நாம டான்டீன்னு சொல்றது அதுதான்.

"உங்க வீட்ல கேட்டாங்களாம்மா, போறீங்களா இருக்கீங்களான்னு?"

"யாரு தம்பி கேட்டா? லிஸ்ட்ல பேர் இருக்கு, கிளம்புன்னாங்க. எங்க அப்பாவுக்கு அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னே தெரியாது."

இது ஆங்கிலேயர் போட்ட ஒப்பந்தம் இல்லை. நம்ம சுதந்திர நாடு, இன்னொரு சுதந்திர நாட்டோட, மரியாதையா உக்காந்து போட்டது. ஆனாலும் லட்சக்கணக்கான ஆட்களை எண்ணிக்கையா பிரிச்சாச்சு. மலை அதே மலை.

இதெல்லாம் பெரிய ஆளுங்க பண்ணின தப்பு, நமக்கென்னன்னு முடிச்சிருப்பேன். ஆனா போன வருஷம் நான் பண்ணினது ஒண்ணு இருக்கு. நம்ம ஊர்ல ஒரு பவுண்டரியில இன்டர்ன்ஷிப் போயிருந்தேன். ஒரு நாள் ஒடிசாவுல இருந்து எட்டு பேர் புதுசா வேலைக்கு வந்தாங்க. ஆபீஸ்ல இருந்தவர், "தம்பி, நீங்க இங்கிலீஷ் மீடியம்தானுங்களே, இவிங்க ஃபாரத்தை எல்லாம் கொஞ்சம் எழுதிக் குடுங்க"ன்னார். உக்காந்து எழுதினேன். ஃபாரம் முழுக்க ஆங்கிலம். ஆறு மாசத்துக்கு முன்னாடி வேலையை விட்டா ரூமுக்கும் பயணத்துக்கும் ஆன செலவைச் சம்பளத்துல பிடிப்போம்னு ஒரு வரி இருந்துச்சு. படிச்சேன். எனக்குப் புரிஞ்சுது. அவங்களுக்கு ஒடியாவும் கொஞ்சம் இந்தியும்தான் தெரியும். எனக்கு ஒடியா தெரியாது, இந்தி அரைகுறை. நான் சொல்லியிருக்கணும். போன்ல டிரான்ஸ்லேட் ஆப் இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை. சாப்பாட்டு நேரம் ஆச்சுன்னு, எங்க கையெழுத்துன்னு மட்டும் விரலால காமிச்சேன். எட்டு பேரும் போட்டாங்க.

தியான்ஜின் ஒப்பந்தத்தோட 50-வது பிரிவைப் படிச்சப்போ கோபம் வந்துச்சுன்னு எழுதத்தான் ஆசை. வந்தது கோபம் இல்லை. அந்த ஃபாரத்துல பேனா பிடிச்சது யாருன்னு எனக்குத் தெரியும்.

கேக்க ஆள் இருந்தா என்ன ஆகும்ங்குறதுக்கும் நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டுல அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோக்கள் பரவுச்சு. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்புச்சு. அவங்க திருப்பூர், கோயம்புத்தூர் எல்லாம் வந்து தொழிலாளர்கள்கிட்ட நேரா பேசினாங்க. நம்ம அதிகாரிகளும் இந்தியில அறிவிப்பு கொடுத்தாங்க, ஹெல்ப்லைன் நம்பர் கொடுத்தாங்க. வதந்தி அடங்கிச்சு. ஒரு அரசாங்கம் "எங்க ஆளுங்க எப்படி இருக்காங்க?"ன்னு கேட்டுச்சு, இன்னொண்ணு பதில் சொல்லுச்சு. வதந்தி வந்தாதான் கேக்கணும்னு இல்லையே.

அதனால நான் கேக்குறது ரெண்டே விஷயம். அடுத்த தடவை நடுவட்டம் போறவங்க, கேப்ஷனை மாத்திப் போடுங்க. லைக் குறையும், பரவாயில்லை. ரெண்டாவது, நம்ம காலேஜ்ல வருஷா வருஷம் நூத்துக்கணக்கான பேர் பவுண்டரி, பம்ப், மில், பனியன் கம்பெனின்னு இன்டர்ன்ஷிப் போறோம். வேலைக்குச் சேரும்போது கொடுக்கிற ஃபாரத்தை இந்தி, ஒடியா, வங்காளி மூணுலயும் ஒரு பக்கமா மாத்தி வெச்சா என்ன? நம்ம பேட்ச்லயே இந்த மொழி தெரிஞ்சவங்க இருக்காங்க. என்எஸ்எஸ் மணிநேரத்துக்கு மரம் நட்டு போட்டோ எடுக்கிறதோட இதையும் சேர்த்துக்கலாம். முதலாளிங்களும் கோவிச்சுக்க மாட்டாங்க. என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சு கையெழுத்து போட்டவன் பாதியில ஓட மாட்டான்.

நமக்கும் பிளேஸ்மென்ட் சீசன் வருது. ஆஃபர் லெட்டரோட பாண்ட் பேப்பர் ஒண்ணு வரும், பதினாலு பக்கம், பொடி எழுத்து. கடைசிப் பக்கத்துக்குத் தாவி கையெழுத்து போட எல்லாருக்கும் கை துறுதுறுங்கும். போடுறதுக்கு முன்னாடி படிச்சுப் பாருங்க. நமக்காவது படிக்கத் தெரியும்.

அந்த எட்டு பேரில் ரெண்டு பேர் நாலாவது மாசமே ஊருக்குப் போயிட்டாங்கன்னு போன வாரம் கேள்விப்பட்டேன். சம்பளத்துல எவ்வளவு பிடிச்சாங்கன்னு போன் பண்ணிக் கேக்கணும். இந்தத் தடவை நான் கேக்கப் போறேன்.